எந்தத் துவக்கு நம்பிக்கை

பிள்ளை, இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டிவரும் என்று தெரியும். டேனிஷில் எழுதினால் என் பிழைகளைத் திருத்திக்கொண்டே ஓடிவிடுவாய், சொல்ல வந்தது உன் கண்ணில் படாது. விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேள். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லாதே. அவளைப்பற்றியும் இதில் இருக்கிறது. நாலு வரி வாசித்ததும் நிறுத்திவிட்டு "இது அப்பிடி நடக்கேல்லை" என்று தொடங்கிவிடுவாள். பிறகு நீ என் கதையை விட்டுவிட்டு அவள் கதையைக் கேட்கப் போய்விடுவாய். அவள் என்னைவிட நன்றாகக் கதை சொல்வாள் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். கிரீன்லாந்தின் வடகிழக்கில் பறவைகளைப் பார்க்கக் கோடை முழுவதும் கூடாரத்தில் இருக்கப் போகிறாய். பனிக்கரடி வரும் இடம். எல்லோருக்கும் ரைபிள் சுடப் பழக்குகிறார்கள். ரைபிள் எட்டாத நேரத்தில், அவசரத்துக்கு, இடுப்பில் ஒரு கைத்துவக்கும் வைத்திருக்கலாம் என்று சொல்லி, அதை உங்களையே தெரிவுசெய்யச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பா, சுழலுறதா, மகசின் போடுறதா, எது நம்பிக்கையானது?" என்று டேனிஷில் கேட்டாய். கேட்டுவிட்டு, "நீங்கள் அங்கேயிருந்து வந்தவர்தானே, தெரிந்திருக்குமே" என்றாய். நான் சிரித்தேன். சங்கக்கடை மனேஜராக இருந்தவனுக்கு அரிசி, மா, மண்ணெண்ணெய் தெரியும், துவக்கு எங்கே தெரியும் என்று பகிடி சொன்னேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய்.

அதே கேள்வியை அம்மாவும் ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறாள். அப்போது நான் இங்கே டென்மார்க்கில், வைலேயில் தனியே இருந்தேன். அவளும் நீயும் மன்னாரில் இருந்தீர்கள். அப்போது நான் சொன்ன பதிலையும், சொல்லாத பதிலையும் நீ கிரீன்லாந்துக்குப் போக முதல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

ஆயுதம் என்றாலே எங்கள் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. நீ சின்னப் பிள்ளையாகச் சாரணர் கூட்டத்துக்குப் போன காலத்தில், ஒருநாள் உறை போட்ட கத்தியோடு வீட்டுக்கு வந்தாய். கத்தி பிடிக்கப் பழகிவிட்டாய் என்று உனக்கு ஒரு அட்டையும் தந்திருந்தார்கள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிள்ளையளின்ரை கையிலை கத்தியைக் குடுத்துக் கைதட்டுற நாடு" என்று என்னைத் திட்டினாள், நான்தான் கொடுத்தது போல. நீ அழுதாய். பிறகு அவள் அந்தக் கத்தியை வாங்கி, வெங்காயத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல கூர்" என்று திருப்பித் தந்தாள். நானாக இருந்தால் உன் தலைவரோடு கதைத்து, மற்றப் பெற்றோரைக் கேட்டு, கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பேன். அம்மா முதலில் பயப்படுவாள், பிறகு முடிவெடுப்பாள். நான் முதலில் விசாரிப்பேன், பிறகும் விசாரிப்பேன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

நான் டென்மார்க்குக்கு வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கையோடு உங்கள் இருவரையும் கூப்பிட மனுப் போட்டேன். சட்டப்படி எனக்கு அந்த உரிமை இருந்தது. மனுவில் உங்கள் விலாசம் எழுத வேண்டும், எழுதினேன். மன்னாரில் எங்கள் வீடு, தபாற்கந்தோருக்குப் பின்பக்கத்து ஒழுங்கை. பிறகு பதிலுக்குக் காத்திருந்தோம். ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டில் நாலு ஆம்பிளைகள் ஒன்றாக இருந்தோம், நாலு பேரும் குடும்பத்துக்கு மனுப் போட்டவர்கள். எங்களுக்குச் சட்டம் தெரியாது, மொழியும் அரைகுறை. அதனால் ஒருவர் கேள்விப்பட்டதை மற்றவர் சட்டமாக்கிக்கொள்வோம். அப்படி எங்கள் குசினியில் பிறந்த சட்டங்களில் ஒன்று, மனு போட்ட பிறகு குடும்பம் விலாசம் மாறக் கூடாது என்பது. "விலாசம் மாறினால் ஃபைல் துலைஞ்சிடும், பிறகு முதலிலையிருந்து" என்று எங்களில் மூத்தவர் சொன்னார். யார் அவருக்குச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அதை அம்மாவுக்கு அறிவித்தேன். வீட்டை விட்டு அசையாதை, கடிதம் அந்த விலாசத்துக்குத்தான் வரும் என்று.

அந்தக் காலத்தில் நாங்கள் கடிதத்தைவிடக் கசெட்டைத்தான் அதிகம் நம்பினோம். அங்கேயிருந்து வருபவர் யாராவது கசெட்டைக் கொண்டுவந்து தருவார்கள். வேலையால் வந்து, கதவைச் சாத்திவிட்டு, உங்கள் குரலைக் கேட்பேன். நீ பாட்டுப் பாடுவாய், பாதியில் மறந்துவிட்டு அம்மாவைக் கேட்பாய். சேவல் கூவுவதும் கேட்கும். ஒரு கசெட்டில் நீ பாடவில்லை. அம்மாவின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதில் அவள் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன்.

"இஞ்சை பாருங்கோ, பின்னேரத்திலை ஆக்கள் வந்து கதவைத் தட்டுறாங்கள். ஆர் எண்டு கேட்கேலாது. ஒருநாள் ஒரு உடுப்பு, மற்றநாள் வேறை உடுப்பு. பக்கத்து வீட்டுச் சீலன் ரெண்டு துவக்குக் காட்டினவன். ஒண்டு சுத்துறது, மற்றது மகசின் போடுறது. எந்தத் துவக்கு நம்பிக்கை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் விலாசத்தை விட்டுப் போகவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டியள், நான் இஞ்சைதான் இருக்கிறன். என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் செய்வன்."

சீலனை உனக்கு நினைவிருக்காது. உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தேவாலயத்து வளவைச் சுற்றி வருவானாம். ஏதோ ஒரு இயக்கத்திலிருந்து விலகி வந்தவன், வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. அம்மாவுக்கு உதவி செய்வதாகத்தான் அவன் நினைத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விசாரிக்கத் தொடங்கினேன். சங்கக்கடைக்குத் தராசு வாங்கும்போது எந்தக் கொம்பனி நல்லது என்று நாலு பேரைக் கேட்ட அதே புத்தி. மனுசி கேட்டுவிட்டாள், சரியான சாமானைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருந்த மற்ற மூவரிடமும் கேட்க முடியாது. யார் எந்த இயக்கத்தின் ஆதரவு என்று ஒருவருக்கொருவர் தெரியாமல், தெரிந்தாலும் தெரியாதது போல, ஒரே சட்டியில் சோறு சமைத்துச் சாப்பிட்ட காலம் அது. அங்கே துவக்கைப்பற்றி வாய் திறந்தால் விடியுமுன் மன்னாருக்குச் செய்தி போய்விடும். அதனால் டேனிஷ்காரனைக் கேட்டேன்.

இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்தவன் பென்ட். சனிக்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போவான், திங்கட்கிழமை முழுவதும் அதைப்பற்றியே கதைப்பான். நான் பத்து மணி இடைவேளையில் கன்டீனில் வைத்து, எனக்குத் தெரிந்த டேனிஷில், அவசரத்துக்கு என் மனைவிக்கு எந்தக் கைத்துவக்கு நம்பிக்கையானது என்று கேட்டேன். அவன் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். மன்னாரைப்பற்றிச் சொன்னதும் கடித்துக்கொண்டிருந்த பாணை வைத்துவிட்டு முழுமூச்சாக இறங்கிவிட்டான். ஒருவரும் அவனிடம் விரும்பிக் கேட்காத ஒன்றை நான் கேட்டுவிட்டேன் அல்லவா, அவனைப் பிடிக்க முடியவில்லை.

அவன் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், உன் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தான். சுழலும் துவக்கில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் இன்னொருமுறை அழுத்த வேண்டும், அடுத்தது வரும். கனகாலம் தொடாமல் கிடந்தாலும் பெரும்பாலும் கோபித்துக்கொள்ளாது. மகசின் போடும் துவக்கில் தோட்டா அதிகம், அடுத்தடுத்துச் சுடலாம், ஆனால் பிடிக்கிற கை பழகியிருக்க வேண்டும். பிடி தளர்ந்தாலும் சிக்கும், மகசின் பழுதென்றாலும் சிக்கும், கையுறையோடு, குளிரில், நடுக்கத்தில் அந்தச் சிக்கலை எடுப்பது வேறு வேலை. எதை எடுத்தாலும் உடம்போடு இருக்க வேண்டும், பையில் கிடந்தால் அது இல்லாதது மாதிரி. நிறையச் சுட்டுப் பழகாத துவக்கு எந்தக் கொம்பனி செய்தாலும் நம்பிக்கையில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவன் என்னிடம், "உன் மனைவியின் கை எவ்வளவு பெரியது?" என்று கேட்டான். பிடி அதைப் பொறுத்ததாம்.

என் கையை விரித்து அதன்மேல் அம்மாவின் கையை வைத்துப் பார்க்க முயன்றேன். விரல் எதுவரை வரும் என்று நினைவுக்கு வரவில்லை. கலியாணத்தன்று மோதிரம் இறுக்கமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வந்தது, அதுவும் மோதிரம் சின்னதாலா விரல் பெரிதாலா என்று தெரியாது. கன்டீனில் அத்தனை பேருக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு இருந்தேன். பென்ட் வேறு பக்கம் பார்த்துக் கோப்பி குடித்தான்.

அதற்குப் பிறகு கிழமைக்கணக்காக நாங்கள் இருவரும் இதே கதைதான். பென்ட் படங்கள் கொண்டுவந்து காட்டுவான், நான் கேள்வி கேட்பேன். சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், ஒரு கட்டத்தில் எனக்கு அது பிடித்தே போய்விட்டது. உங்களுக்காக ஏதோ செய்கிறேன் என்ற எண்ணம். மனுவுக்குப் பதில் இல்லை, மொழி வரவில்லை, பனி பெய்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் நாளுக்கு நாள் கெட்டிக்காரனாகிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இன்னும் பதில் கசெட் அனுப்பவில்லை. முழுவதும் அறிந்துகொண்டு அனுப்புவோம் என்று இருந்தேன்.

அப்போது குடும்பங்களை நாட்டுக்குள் விடச் சொல்லித் தமிழர்கள் பதாகை பிடித்து நின்ற படங்கள் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. தமிழன் ஒருவன் கன்டீனில் இருந்து கைத்துவக்கு விசாரிக்கிறான் என்பது எங்களை மேற்பார்வை செய்யும் போர்மனின் காதுக்குப் போனது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மனு இழுபடுகிற கோபத்தில் நான் யாரையாவது சுடப்போகிறேன் என்று பயந்துவிட்டார். பொலிசுக்கு அறிவித்தார். முதலில் பென்டைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவனுடைய துவக்கு அனுமதியை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு என்னை வரச் சொன்னார்கள். பொலிசில் பெயர் பதிந்தால் மனு அதோடு முடிந்தது என்பது எங்கள் குசினிச் சட்டங்களில் இன்னொன்று. உங்களைக் கூப்பிடுகிற கதவை என் கையாலேயே பூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். துவக்கு எனக்கில்லை, மனுசி கேட்டது என்று நிரூபிக்க அந்தக் கசெட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

மொழிபெயர்க்க ஒரு பெண் வந்திருந்தா. திருச்சிப் பக்கம், கணவர் ஓகுஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார் என்று சொன்னா. என்னைவிட வயது குறைவு. "பயப்படாதீங்க சார், அவர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றா. பொலிஸ்காரர் வயதானவர், எனக்கும் கோப்பி ஊற்றித் தந்தார். கன்டீனில் மனைவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய் என்று விசாரித்தார்.

"மனுசிக்கு நம்பிக்கையான துவக்கு ஒண்டு வேணும். அதைத்தான் கேட்டனான்" என்றேன்.

"துவக்கா?"

"ஓம், துவக்கு."

அந்தப் பெண் ஒருகணம் யோசித்துவிட்டு டேனிஷில் சொன்னா. அதில் ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல், மொழிப் பாடப் புத்தகத்தின் மட்டையிலேயே இருந்த சொல். தொடக்கம். என் மனைவிக்கு நம்பிக்கையான ஒரு தொடக்கம் வேண்டும் என்று நான் கேட்டதாகச் சொல்லிவிட்டா. என் அரைகுறை டேனிஷைப் பென்ட் பிழையாக விளங்கிவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, பொலிஸ்காரரின் முகம் இளகியது. தலையை ஆட்டி எழுதத் தொடங்கினார்.

பிள்ளை, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு நல்ல ஏழைத் தமிழன், மனைவிக்கு நல்வாழ்வு தேடுகிறான் என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் பென்ட் முதல்நாள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் தொடக்கம் என்றால் அவன் பொய்யனாவான். எனக்காகப் பாணை வைத்துவிட்டுக் கதைத்தவன். "இல்லை" என்று டேனிஷில் சொல்லி, விரலை நீட்டிக் காட்டினேன். பொலிஸ் நிலையத்துக்குள் இருந்துகொண்டு பொலிஸ்காரரை நோக்கி விரலால் துவக்குப் பிடித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

"அய்யோ சார், துப்பாக்கியா? எங்க ஊர்ல துவக்குன்னா ஆரம்பிக்கறது" என்றா அந்தப் பெண். முகம் சிவந்துவிட்டது. பொலிஸ்காரர் பேனையைக் கீழே வைத்தார். நான் கசெட்டை எடுத்து மேசையில் வைத்தேன். என்னைக் கேட்காதீர்கள், அவளையே கேளுங்கள் என்றேன்.

ஒரு பிளேயர் கொண்டுவந்தார்கள். அம்மாவின் குரல் அந்த அறைக்குள் வந்தது. பொலிஸ்காரருக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் குனிந்து கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவ மொழிபெயர்க்காமல் இருந்தா. முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னா. பிறகு பொலிஸ்காரரிடம் பேசாமல் என் பக்கம் திரும்பினா.

"சார், இவங்க துப்பாக்கி கேக்கல."

"இல்லைத் தங்கச்சி, எது நம்பிக்கை எண்டு கேட்கிறா. உங்களுக்கு எங்கடை கதை விளங்கேல்லை."

"விளங்குது சார். எந்தத் துப்பாக்கின்னு ஒரு வாட்டிதான் கேக்கறாங்க. சொல்லுங்கோ, சொல்லுங்கோன்னு திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நீங்க அங்கயே இருன்னு சொல்லிட்டீங்க, அதனால இருக்கேங்கறாங்க. போகட்டுமான்னு கேக்கறாங்க சார். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. துவக்கு என்ற சொல்லே தெரியாத ஒருத்திக்கு விளங்கியது, எத்தனையோ தடவை போட்டுக் கேட்ட எனக்கு விளங்கவில்லை. துவக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அதற்குப் பிறகு ஒன்றையும் கேட்கவில்லைப் போலிருக்கிறது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பொலிஸ்காரருக்குச் சொன்னா. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, ஏன் அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டார். விலாசம் மாறினால் ஃபைல் தொலைந்துவிடும் என்றேன். யார் சொன்னது என்றார். எனக்கு எங்கள் குசினிதான் ஞாபகம் வந்தது. "புது விலாசத்தை எழுதி அனுப்பலாமே" என்றார். அவ்வளவுதான். எங்கள் நாலு பேரின் தலையிலும் ஏறாத ஒன்றைக் கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார். கேட்டது குற்றமில்லை, கன்டீனில் இனி இந்தக் கதை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பென்டின் அனுமதிக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கே கசெட்டில் பேசினேன். துவக்கு வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிடு, விலாசத்தை நான் மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பிறகு நாட்கள் போயின, ஒரு செய்தியும் இல்லை. வேலையில் கத்தி இரண்டுமுறை தவறிக் கீழே விழுந்தது. பென்ட் என்னைக் கழுவும் பக்கத்துக்கு மாற்றச் சொல்லிப் போர்மனிடம் கேட்டான், அவரும் மாற்றினார்.

ஒருநாள் பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா. கொழும்பில் ஒரு தெரிந்தவர் வீட்டில் நிற்கிறாள், நீ பக்கத்தில் நிற்கிறாய்.

"கசெட் கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

"என்ன கசெட்?" என்றாள்.

நான் அனுப்பியது அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அது மன்னாருக்குப் போய்ச் சேர முதலே அவள் புறப்பட்டுவிட்டாள். அவள் புறப்பட முதல்நாள் சீலன் வீட்டைத் தேடி ஆக்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு துவக்கும் அங்கேயே இருந்தன, வந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அவனைக் கொண்டுபோனார்கள், பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அதில் ஒன்று அம்மாவின் அலுமாரிக்குள் இருந்திருந்தால், சுழலுவதோ மகசின் போடுவதோ, அதைத் தேடி எங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். "விலாசத்தை விட்டுப்போட்டு வந்திட்டன், பேசாதேங்கோ" என்று அம்மா சொன்னாள். நான் ஏசுவேன் என்று பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது நான்தான் என்பது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

மிச்சம் உனக்குத் தெரியும். மந்திரி மாறினார், மனுக்கள் அசைந்தன, நீங்கள் வந்தீர்கள். வைலே நிலையத்தில் நீ என்னைப் பார்த்து அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாய். பிறகு சில வருடங்களில் உண்மை வெளியே வந்தது. பென்ட்தான் பத்திரிகையைக் கொண்டுவந்து, எனக்கு விளங்கும்படி மெதுவாக வாசித்துக் காட்டினான். எங்கள் மனுக்கள் தாமதமாகவில்லை, தாமதிக்க வைக்கப்பட்டிருந்தன. சட்டம் கொடுத்த உரிமையை ஒரு மேசையில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள். அரசாங்கமே அதில் கவிழ்ந்தது. டேனிஷ்காரர் அந்த விவகாரத்தை இன்றைக்கும் தமிழ் வழக்கு என்றுதான் சொல்கிறார்கள், பிழை விட்டது அவர்கள், பெயர் எங்களுடையது. பென்ட் வாசித்து முடித்தபோது எனக்கு மந்திரியைப்பற்றி யோசனை வரவில்லை. மன்னாரில் அந்த ஒழுங்கையும், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த நீங்கள் இருவரும்தான் கண்ணுக்குள் நின்றீர்கள். எந்தக் கடிதத்துக்காக உங்களை அந்த விலாசத்தில் இருக்கச் சொன்னேனோ, அதை ஒருவரும் எழுதவே இல்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ துவக்கைப்பற்றி ஒருமுறை கேட்டாய். அதற்குப் பிறகு, கூடாரம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று சொன்னாய், போன வருடம் போனவர்களில் ஒருத்தி பாதியில் திரும்பிவிட்டாள் என்று சொன்னாய், அம்மாவுக்குச் சம்மதமோ என்று கேட்டாய். நான் இப்போதுதான் அதை ஒன்றாக வைத்துக் கேட்கிறேன். உனக்குப் பயமாக இருக்கிறதா? இருந்தால் சொல்லு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போகட்டுமா என்று கேட்கிறாயென்றால், போய்விட்டு வா. நீ போவதில் எனக்குப் பெருமைதான், பயமும் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிட்டேன்.

துவக்கு சுழலுவதையே எடு. உன் கை சின்னது, ஆனால் பிடி உறுதி, நான் இந்தமுறை பார்த்து வைத்திருக்கிறேன். புறப்படும்வரை ஒவ்வொரு கிழமையும் சுட்டுப் பழகு, கையுறை போட்டும் பழகு. ஆனால் கரடியின் அடி பனியில் தெரிந்தால், ரேடியோ வேலைசெய்யாவிட்டால், மனம் சரியில்லை என்று சொன்னால், கூடாரத்தை விடு, கருவிகளை விடு, பறவைகளின் கணக்கை விடு. மேலிடத்திலிருந்து பதில் வரட்டும் என்று இராதே. என்னிடமும் கேட்காதே. என்னைக் கேட்டால் நான் நாலு பேரை விசாரித்துச் சொல்கிறேன் என்பேன்.

அம்மா அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் இறங்கினாள். அதனால்தான் என்னிடம் கேள்வி கேட்க இன்றைக்கு நீ இருக்கிறாய்.

அப்பா